பூவைத் தொடுவதும் பூவைத் தொடுப்பதும்: 'கனெக்ட்' என்ற சொல்லைப் பழக ஒரு வழிகாட்டி

"ப்ளீஸ் கனெக்ட் மீ டுமாரோ."

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருவர் தன் மின்னஞ்சலை இந்த வரியோடு முடித்திருந்தார். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். சிவப்பு மையால் சுழிக்கும்படியான இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை. வினை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, பணிவும் இருக்கிறது. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் "உங்களை எதோடு இணைக்க வேண்டும்?" என்றுதான் முதலில் யோசிப்பார். அவள் சொல்ல நினைத்தது "நாளை என்னைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்பது. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது.

'கனெக்ட்' நமக்குப் புதுச் சொல் அல்ல. கேஸ் கனெக்ஷன், கரண்ட் கனெக்ஷன், நெட் கனெக்ஷன் என்று பாட்டிகூடச் சொல்கிறார். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டுவோம். வீட்டுக்குள் புழங்கும் சொல்லை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. தமிழுக்குள் அது எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே ஆங்கிலத்திலும் நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். ஆங்கிலம் பேசத் தொடங்குகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். மூன்றாம் படிவரை வந்துவிட்டாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

முதல் படி: வாயைப் பழக்குங்கள்

அழுத்தம் நடுவில், 'நெக்' என்ற இடத்தில் விழ வேண்டும். முதல் எழுத்தைக் 'கா' என்றோ 'கோ' என்றோ நீட்ட வேண்டாம். வாயைப் பாதி திறந்து விட்டுவிடுகிற குட்டிக் 'க' போதும். ஈற்றில் 'க்', 'ட்' என இரண்டு மெய்கள் ஒட்டி நிற்கின்றன. தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் வராது. அதனால் நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்துக் 'கனெக்ட்டு' என்று முடிக்கும். அந்த உகரத்தை விழுங்கப் பழகுங்கள். இறந்த காலத்தில் மூன்று அசைகள்: க, நெக், டிட். கடைசி அசை 'இட்' போல ஒலிக்கும். பெயர்ச்சொல்லிலும் அழுத்தம் அதே இடத்தில்தான்: க-நெக்-ஷன்.

ஒலியைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: வேரைப் பாருங்கள்

லத்தீனில் 'நெக்டெரே' என்றால் கட்டு, பிணை. முன்னால் வரும் 'கான்' என்ற ஒட்டுக்கு 'ஒன்றாகச் சேர்த்து' என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது 'கனெக்ட்'. அதன் உடன்பிறப்புகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்லும் 'அனெக்ஷர்' பின்னிணைப்பு. பழைய கட்டடத்தை ஒட்டிக் கட்டிய புதுக் கட்டடம் 'அனெக்ஸ்'. நாளிதழ்களில் வரும் 'நெக்ஸஸ்' என்பது ஒருவரோடு ஒருவர் பின்னிக்கொண்ட கூட்டு. எல்லாமே அந்தக் கட்டும் கயிற்றிலிருந்து பிறந்தவை.

'காண்டாக்ட்' வேறு குடும்பம். அதன் வேர் 'டாங்கெரே', அதாவது தொடு. கணக்கில் வரும் 'டேன்ஜென்ட்' அதன் பிள்ளை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது தொடுகோடு. வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுப் போகும் கோடு.

இனி சாயங்காலம் கடைவீதியில் பூக்கட்டும் அம்மாவைப் பாருங்கள். குவியலில் கைவைத்து மல்லிகையைத் தொடுகிறார். பிறகு இரண்டிரண்டாக எடுத்து வைத்து வாழைநாரால் தொடுக்கிறார். தொட்டார், தொடுத்தார். 'தொடு' என்ற ஒரே வடிவத்திலிருந்து தமிழ் இரண்டு செயல்களைச் சொல்லிவிடுகிறது. தொட்டது 'காண்டாக்ட்'. தொடுத்தது 'கனெக்ட்'.

தொடுவதற்கு ஒரு விரலும் ஒரு பூவும் போதும். தொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு பூக்கள் வேண்டும், நாரும் வேண்டும். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இந்தப் படம் உதவும். 'கனெக்ட்' என்று வாயெடுக்கும்போதெல்லாம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்னொரு பூ எங்கே? நார் எது?

மூன்றாம் படி: 'காண்டாக்ட்'டையும் 'கனெக்ட்'டையும் பிரித்து வையுங்கள்

நாம் இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு அறியாமை காரணம் அல்ல. நம்மிடம் இருக்கும் 'தொடர்பு' என்ற சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. விளம்பரத்தில் "தொடர்புக்கு" என்று போட்டு எண்ணைத் தருகிறோம். அது 'காண்டாக்ட்'. "இதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கிறோம். அது 'கனெக்ஷன்'. ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

செல்பேசியில் அடிக்கடி கேட்கும் பதிவுக் குரலை நினைத்துப் பாருங்கள். "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்." ஒரே வாக்கியத்தில் 'தொடர்பு' இரண்டு முறை வருகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லும் குரல் 'கனெக்ட்' என்று எங்கும் சொல்வதில்லை. ஒருவரை எட்டுவது 'ரீச்'. அவர் இருக்கும் இடம் 'அவுட் ஆஃப் கவரேஜ்'. தமிழில் 'தொடர்பு' வரும் இடமெல்லாம் 'கனெக்ட்' வராது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டும் சான்று வேண்டாம்.

அந்த மாணவி எழுதியிருக்க வேண்டியது "ப்ளீஸ் காண்டாக்ட் மீ டுமாரோ." விரல் அவர்களுடையது, பூ நீங்கள். இரண்டாவது பூ தேவையில்லை.

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. தமிழில் "என்னோடு தொடர்பு கொள்ளுங்கள்" என்று 'ஓடு' சேர்க்கிறோம். அந்த 'ஓடு' ஆங்கிலத்துக்கும் கூடவே வந்து 'காண்டாக்ட் வித் மீ', 'காண்டாக்ட் டு மீ' என்று ஆகிவிடும். வினையாக வரும் 'காண்டாக்ட்'டுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம். நேராக ஆளைச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'வித்' வரும். பழைய நண்பரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு "ஐ ஆம் ஸ்டில் இன் காண்டாக்ட் வித் ஹிம்."

"கனெக்ட் மீ" என்று தொடங்கினால் யாரோடு என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும். "குட் யூ கனெக்ட் மீ வித் யுவர் மேனேஜர்?" என்றால் சரி. நீங்கள் ஒரு பூ, மேலாளர் இன்னொரு பூ, தொடுத்துவிடுகிற கை அவருடையது.

"அப்படியானால் ஆபீசில் எல்லோரும் 'லெட்ஸ் கனெக்ட் டுமாரோ' என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். அது சரியான வாக்கியம்தான். அங்கே 'நாம்' என்பதற்குள்ளேயே இரண்டு பூக்களும் இருக்கின்றன. 'ஐ வில் கனெக்ட் வித் யூ' என்பதும் சரி. 'ஐ வில் கனெக்ட் யூ' என்று 'வித்' இல்லாமல் சொன்னால்தான் கேட்பவர் மறுபடியும் "யாரோடு?" என்று காத்திருப்பார். ஆனாலும் புதிதாகப் பேசுகிறவர்களுக்கு என் யோசனை, பேசலாம் என்பதற்கு 'டாக்', கூப்பிடுகிறேன் என்பதற்குக் 'கால்' போதும். அலுவலகப் பேச்சில் 'கனெக்ட்'டைத் தூவுவது ஒரு பழக்கம். அதில் எந்த மேன்மையும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். நம் ஊர் எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு "லூஸ் காண்டாக்ட்" என்பார். தொட வேண்டிய கம்பி சரியாகத் தொடவில்லை என்று பொருள். மிகச் சரியான பிரயோகம் அது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'லூஸ் கனெக்ஷன்' என்று கூடுதலாகக் கேட்பீர்கள். இரண்டும் புரியும்.

நான்காம் படி: ஆனதா, ஆக்கியதா?

"வைஃபை கனெக்ட் ஆகலை." "போனைக் கனெக்ட் பண்ணு." நாம் எவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கிறோம் பாருங்கள். தானாக நடந்தால் 'ஆகு', ஒருவர் செய்தால் 'பண்ணு'. தூய தமிழிலும் இதே பிரிவு உண்டு: இணைந்தது, இணைத்தது. நடுவில் 'ந்த்' வந்தால் தன்வினை, 'த்த்' வந்தால் பிறவினை. தொடுவதும் தொடுப்பதும்போல.

ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு சொல்லின் உருவத்தில் தெரியாது. ஒரே 'கனெக்ட்' இரண்டுக்கும் நிற்கும். "ஐ கனெக்டட் தி ஃபோன்" என்றால் இணைத்தேன். "தி ஃபோன் கனெக்டட்" என்றால் இணைந்தது. செயப்படுபொருள் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

தமிழில் நினைத்துப் பேசும்போது அந்த 'ஆகு' நம்மை விடாது. அதற்கு ஆங்கிலத்தில் இடம் தேடி 'இட் இஸ் நாட் கெட்டிங் கனெக்டட்' என்கிறோம். இன்னும் சிலர் 'கனெக்ஷன் இஸ் நாட் கெட்டிங்' என்பார்கள். முதலாவது புரியும், ஆனால் சுற்றிவளைப்பு. இரண்டாவது புரியாது. சொல்ல வேண்டியது மிகச் சிறியது: "இட்ஸ் நாட் கனெக்டிங்." எவ்வளவு முயன்றும் முரண்டு பிடிக்கிறது என்றால் "இட் வோன்ட் கனெக்ட்." உங்களால் முடியவில்லை என்றால் "ஐ கான்ட் கனெக்ட்." வாடிக்கையாளர் சேவைக்குப் பேசும் முன் இந்த மூன்றையும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழில் 'ஆகலை' என்று நினைத்த மாத்திரத்தில் ஆங்கிலத்தில் 'ஆகு' இல்லாமல் வர வேண்டும்.

'டிஸ்கனெக்ட்'டுக்கும் இதே கதைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது "லைன் கட் ஆயிடுச்சு" என்பதற்கு "வி காட் டிஸ்கனெக்டட்" அல்லது "வி காட் கட் ஆஃப்" என்பார்கள். இங்கே 'கெட்' இயல்பாகவே வருகிறது. மின் கட்டணம் கட்டாமல் போனால் "ஃபியூஸைப் புடுங்கிட்டாங்க" என்கிறோமே, அதற்கு "அவர் பவர் வாஸ் டிஸ்கனெக்டட்." பணத்தைக் கட்டியபின் திரும்ப வருவது 'ரீகனெக்ஷன்'.

ஐந்தாம் படி: சொல்லை அதன் வாலோடு மனப்பாடம் செய்யுங்கள்

தமிழில் வேற்றுமை உருபு பெயரின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சின்னச் சொற்கள் தனியாக நின்று செய்கின்றன. 'கனெக்ட்'டை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் கையில் இருக்கும். பின்னால் வரும் 'டு', 'வித்', 'பை', 'பிட்வீன்' ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ஒரு சொல்லாக எண்ண வேண்டும்.

பாம்பனை எடுத்துக்கொள்வோம். இராமேசுவரம் ஒரு தீவு. 1914இல் ரயில் பாலம் வந்தது. 1988இல் சாலைப் பாலம் திறந்தது. 2025இல் பழைய ரயில் பாலத்தின் பக்கத்திலேயே புதிய ரயில் பாலமும் வந்துவிட்டது. இதை ஆங்கிலத்தில் சொன்னால், "ராமேஸ்வரம் இஸ் கனெக்டட் டு தி மெயின்லேண்ட் பை எ பிரிட்ஜ்." இன்னொரு பூ எது? பெருநிலம். அதற்கு முன்னால் 'டு'. நார் எது? பாலம். அதற்கு முன்னால் 'பை'. தமிழில் "பாலத்தால் நிலத்தோடு இணைந்த தீவு" என்போம். 'ஆல்', 'ஓடு' இரண்டும் நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை உருபுகள். நமக்கு ஒரே வேற்றுமையில் அடங்குவதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. அதனால்தான் அந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது. 'ஓடு' என்றால் எப்போதும் 'வித்' என்று பழகிவிட்டோம்.

'வித்' எங்கே வரும்? அதற்கும் அதே கரையில் ஒரு கதை இருக்கிறது. 1914இல் பாலம் வந்தபின் சென்னையிலிருந்து கிளம்பிய 'போட் மெயில்' என்ற ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். பயணிகள் கடலைத் தாண்டித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயில் ஏறுவார்கள். "தி டிரெயின் கனெக்டட் வித் தி ஃபெரி அட் தனுஷ்கோடி." ரயிலையும் கப்பலையும் யாரும் கயிறு போட்டுக் கட்டவில்லை. ஒன்று வந்துசேரும் நேரத்துக்கு மற்றொன்று தயாராக நின்றது. இரண்டும் சமமாக, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒத்துப்போவதற்கு 'வித்'. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தத் தொடர்பு அதோடு அறுந்தது. பாலம் சேதமடைந்தாலும் பொறியாளர் ஸ்ரீதரனின் குழு அதை 46 நாளில் சரிசெய்தது. தனுஷ்கோடிக்கு ரயில் மட்டும் திரும்பவே இல்லை.

ஆக, கம்பி, குழாய், சாலை, வைஃபை என்று ஒன்றை இன்னொன்றில் பொருத்தினால் 'டு'. மனிதர்கள், வண்டிகள், மனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் 'வித்'. இரண்டும் பொருந்தும் இடங்களும் நிறைய உண்டு. ஒருவரைக் குற்றத்தோடு சம்பந்தப்படுத்துவதற்கு 'டு'வும் வரும், 'வித்'தும் வரும். அந்த இடங்களில் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது 'இன்' பற்றித்தான். "வைஃபைல கனெக்ட் பண்ணு" என்று தமிழில் ஏழாம் வேற்றுமை போடுகிறோம். அதை அப்படியே 'கனெக்ட் இன் வைஃபை' ஆக்கிவிடக் கூடாது. 'கனெக்ட் டு தி வைஃபை' என்பதே சரி. 'ஆன்' வந்தால் அது சந்திக்கும் மேடை. லிங்க்டுஇன்னில் சேர்ந்துகொள்ளலாம் என்பதற்கு 'கனெக்ட் ஆன் லிங்க்டுஇன்'. அங்கே உங்கள் பட்டியலில் இருப்பவர்களையே 'கனெக்ஷன்ஸ்' என்கிறார்கள். ஒருவர் 30,000 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

'கனெக்ட் டுகெதர்' என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றாகச் சேர்த்து என்ற பொருள் அந்தக் 'கான்' ஒட்டிலேயே இருக்கிறது. 'டுகெதர்' பெரும்பாலும் தேவைப்படாது.

ஆறாம் படி: தொலைபேசி

ஒரு நிறுவனத்தின் பொது எண்ணுக்குக் கூப்பிடுகிறீர்கள். கணக்குப் பிரிவுக்கு மாற்றித் தர வேண்டும். அமெரிக்காவில் "குட் யூ கனெக்ட் மீ டு அக்கவுண்ட்ஸ்?" என்று கேட்கலாம். பிரிட்டனில் "குட் யூ புட் மீ த்ரூ டு அக்கவுண்ட்ஸ்?" என்று கேட்பது வழக்கம். இரண்டு இடத்திலும் இரண்டும் புரியும்.

ஆனால் "யூ ஆர் த்ரூ" என்று மட்டும் காதில் விழுந்தால் நின்று கவனியுங்கள். பிரிட்டிஷ் ஆபரேட்டர் சொன்னால் "இணைப்புக் கிடைத்துவிட்டது, பேசுங்கள்" என்று பொருள். அமெரிக்கர் "ஆர் யூ த்ரூ?" என்று கேட்டால் "பேசி முடித்தாயிற்றா?" என்று பொருள். ஆமாம் என்று சொல்லி வைத்தால் அவர் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் "யூ ஆர் பிரேக்கிங் அப்". இரைச்சலாக இருந்தால் "இட்ஸ் எ பேட் கனெக்ஷன்" அல்லது "இட்ஸ் எ பேட் லைன்". "உங்க வாய்ஸ் வரலை" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் "ஐ கான்ட் ஹியர் யூ" என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: பெயர்ச்சொல்லில் ஒருமையும் பன்மையும்

'கனெக்ஷன்' ஒருமையில் வந்தால் இணைப்பு அல்லது சம்பந்தம். இரண்டுக்கும் இடையே என்றால் 'பிட்வீன்'. "இஸ் தேர் எ கனெக்ஷன் பிட்வீன் தி டூ?" பன்மையில், 'கனெக்ஷன்ஸ்' என்று வந்துவிட்டால் பொருள் சரிந்து வேறு பக்கம் போய்விடும். "ஹீ ஹேஸ் கனெக்ஷன்ஸ்" என்றால் அவருக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில் நண்பர்கள் நிறைய என்று சொல்ல நினைத்து இதைச் சொல்லிவிடாதீர்கள். சிபாரிசு பிடித்து வேலை முடிப்பவர் என்ற நிறம் அதில் உண்டு.

'வெல் கனெக்டட்' என்ற தொடர் இடத்துக்கு வந்தால் ஒரு பொருள், ஆளுக்கு வந்தால் இன்னொரு பொருள். தாம்பரம் 'வெல் கனெக்டட்' என்றால் பஸ், ரயில் வசதி உண்டு. மனை விற்கும் விளம்பரங்களில் 'கனெக்டிவிட்டி' என்று போடுகிறார்களே, அதுதான். உங்கள் மாமா 'வெல் கனெக்டட்' என்றால் அவருக்குச் செல்வாக்கு உண்டு.

செய்தித்தாள் படிக்கத் தொடங்கியவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது 'இன் கனெக்ஷன் வித்'. "அரெஸ்டட் ஃபார் தெஃப்ட்" என்றால் திருட்டுக்காகக் கைது. "அரெஸ்டட் இன் கனெக்ஷன் வித் எ தெஃப்ட்" என்றால் திருட்டு தொடர்பாகக் கைது. அவர் திருடினார் என்று இரண்டாவது வாக்கியம் சொல்லவில்லை. வண்டியைக் கொடுத்தவராக இருக்கலாம், பொருளை வாங்கியவராக இருக்கலாம், ஒன்றுமே செய்யாதவராகவும் இருக்கலாம். நிருபர் வேண்டுமென்றே அங்கே இடைவெளி விட்டிருக்கிறார். தமிழில் சொல்லும்போது அந்த இடைவெளியை மூடிவிட்டு "திருடியவர் கைது" என்று நாம் எழுதினால், நீதிமன்றம் சொல்லாத தீர்ப்பை நாமே சொல்லிவிடுகிறோம். வாட்ஸப்பில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிப் போடும் நண்பர்களுக்கு நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான். ஒரு மனிதரின் பெயர் அந்த இரண்டு மூன்று சொற்களில் தொங்குகிறது.

அரசுக் கடிதங்களில் வரும் 'இன் திஸ் கனெக்ஷன்' என்பதன் பொருள் "இது தொடர்பாக". நம் அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கே எழுதும் கடிதத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் விட்டுவிடுங்கள், பழைய நடையாகத் தோன்றும். சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னால் போதும்.

பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் இந்தச் சொல்லின் நடுவே 'எக்ஸ்' எழுத்தைப் போட்டு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது அச்சுப்பிழை அல்ல. பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை தன் அமைப்பைக் குறிக்க இன்றும் அப்படித்தான் எழுதுகிறது. நீங்கள் 'சி', 'டி' போட்டே எழுதுங்கள்.

எட்டாம் படி: பயணம்

வழியில் இறங்கி மாறும் விமானம் 'கனெக்டிங் ஃப்ளைட்'. அதைத் தவறவிட்டால் "ஐ மிஸ்டு மை கனெக்ஷன்." விமான நிலையத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ரயில்வேயிலும் இணைப்பு ரயில் உண்டு. இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கான பணத்தைத் திரும்பக் கேட்க அது வழி செய்கிறது.

குடும்பத்தோடு போய் விடுதியில் இரண்டு அறை எடுக்கிறீர்கள், குழந்தைகள் பக்கத்து அறையில் தூங்க வேண்டும் என்றால் 'கனெக்டிங் ரூம்ஸ்' என்று கேளுங்கள். நடுவில் கதவு இருக்கும். 'அட்ஜாயினிங் ரூம்ஸ்' என்று கேட்டால் அடுத்தடுத்த அறைகள் கிடைக்கும், கதவு இருக்கும் என்ற உறுதி இல்லை. நள்ளிரவில் பிள்ளை அழும்போது இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

ஒன்பதாம் படி: மனசு

"படத்தோட கனெக்ட் ஆக முடியலை" என்று விமர்சனம் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் "ஐ குட்ன்ட் கனெக்ட் வித் தி ஸ்டோரி". கதையை எழுவாயாக வைத்து "தி ஸ்டோரி டிட்ன்ட் கனெக்ட் வித் மீ" என்றும் சொல்லலாம். முதல் சந்திப்பிலேயே மனசு ஒத்துப்போனால் "வி கனெக்டட் இன்ஸ்டன்ட்லி". கிரிக்கெட்டில் பந்து மட்டையில் சரியாகப் பட்டால் "ஹீ கனெக்டட் வெல்".

ஆண் பெண் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 'தொடுப்பு' என்றால் கள்ள உறவு. ஈழத்தமிழர் பலர் அதே சொல்லை இணைப்பு என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் இப்படி மாறுகிற இடம் இது. ஆங்கிலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் உங்கள் சொந்தமா என்று அறிய 'டூ யூ ஹேவ் எனி ரிலேஷன் வித் ஹர்?' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் முகம் சிவக்கும். உறவுமுறை கேட்க "ஆர் யூ ரிலேட்டட் டு ஹர்?" என்பதே பாதுகாப்பு. படிவங்களில் 'ரிலேஷன்ஷிப் டு அப்ளிகன்ட்' என்று கேட்டிருந்தால் அது அப்பாவா, கணவரா, அண்ணனா என்ற முறை. அங்கே பயப்பட ஒன்றுமில்லை.

பத்தாம் படி: பயிற்சி

ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலோ அடுத்தவர் வாயிலோ 'கனெக்ட்', 'கனெக்ஷன்', 'தொடர்பு', 'இணைப்பு' எது வந்தாலும் அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துவையுங்கள். ராத்திரி உட்கார்ந்து, தொட்டதா தொடுத்ததா, இன்னொரு பூ எது, நார் எது என்று பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். தொடங்குவதற்கு ஐந்து தருகிறேன். விடையைக் கையால் மூடிக்கொண்டு முயன்று பாருங்கள்.

என் லேப்டாப் வைஃபைல கனெக்ட் ஆக மாட்டேங்குது. இந்த ரெண்டு சம்பவத்துக்கும் சம்பந்தம் இல்லை. என்னை மேனேஜர்கிட்ட பேச வைங்க. அந்தக் கொலை தொடர்பா ரெண்டு பேரைப் பிடிச்சிருக்காங்க. நாளைக்கு என்னைத் தொடர்பு கொள்ளுங்கள்.

விடைகள்: "மை லேப்டாப் வோன்ட் கனெக்ட் டு தி வைஃபை." "தேர் இஸ் நோ கனெக்ஷன் பிட்வீன் தி டூ இன்சிடென்ட்ஸ்." "குட் யூ கனெக்ட் மீ வித் தி மேனேஜர்?" "டூ பீப்பிள் ஹேவ் பீன் அரெஸ்டட் இன் கனெக்ஷன் வித் தி மர்டர்." ஐந்தாவதற்கு விடை மூன்றாம் படியில் இருக்கிறது. அந்த மாணவி அதைத் திருத்தி அன்றைக்கே அனுப்பினாள்.